பெண் மரவட்டையின் மூன்றாவது வளையம்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில் தோட்டத்துச் சுவரோரம் போய்ப் பாருங்கள். உதிர்ந்த இலைகளுக்கு அடியிலிருந்து மரவட்டைகள் ஏறி வந்திருக்கும். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தால் முதலில் சுருண்டுகொள்ளும். சில இனங்கள் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து நெடியடிக்கும் திரவத்தைக் கசியவிட்டு விரலில் பழுப்புக் கறை ஏற்றும். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் பொறுத்தால் அவிழ்ந்து நடக்கத் தொடங்கும். அப்போது அடிப்பக்கத்தை ஒரு கைலென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும். தலைக்குப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்து ஏழாவது வளையத்தில் நிறுத்துங்கள். கால்வரிசை அங்கே சட்டென்று அறுந்து இடைவெளி விட்டிருந்தால் அது ஆண். இடைவெளியே இல்லாமல் கால்கள் தொடர்ந்து போனால், வளர்ந்த உயிராக இருக்கும் பட்சத்தில், அது பெண்.

இப்படித்தான் மரவட்டையில் ஆண் பெண் பிரித்துப் பார்க்கிறோம். ஆணுக்கு ஓர் உறுப்பு அடையாளம். பெண்ணுக்கு அந்த உறுப்பு இல்லாததே அடையாளம். ஏழாவது வளையத்துக் கால்கள் ஆணில் உருமாறி, கொக்கியும் முள்ளும் மடிப்புமாகப் புணர்ச்சிக் கருவிகளாகிவிடுகின்றன. விலங்கியலார் கோனோபாட் என்று அழைக்கும் இந்தப் புணர்கால்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பெண்ணின் உறுப்புகள் வெளியே தெரிவதில்லை என்பதாலேயே அவற்றைப் பற்றிய எழுத்து அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. இது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன். ஏனென்றால் மரவட்டையின் விந்தணுவுக்கு வால் கிடையாது. நீந்திப் போகும் திறன் அதற்கு இல்லை. விந்தை வாங்குவது, சேர்த்துவைப்பது, முட்டை வரும் நேரம் பார்த்து வெளியே விடுவது ஆகிய வேலைகள் எல்லாம் பெண்ணின் உடலமைப்பின் மேல்தான் விழுகின்றன. அந்த அமைப்பைத்தான் இங்கே திறந்து பார்க்கப் போகிறோம்.

மரவட்டைகளில் இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் 12,000 இனங்களுக்கு மேல். கூரை ஓலைகளில் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருக்கும் சிவப்பும் கறுப்புமான ஜெனோபோலஸ் கார்னிஃபெக்ஸ் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பலரும் பார்த்திருக்கும் இனம். பிள்ளைகள் ரயில் பூச்சி என்று கூப்பிடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நீளமான, உருளை வடிவ மரவட்டைகளைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் தொட்டால் கோலிக்குண்டு போல உருண்டுகொள்ளும் ஆர்த்ரோஸ்ஃபேராவும் மரவட்டைதான். மரப்பட்டை இடுக்குகளில் வாழும், சில மில்லிமீட்டரே நீளமுள்ள, தூரிகை மயிர் போர்த்திய பாலிக்ஸினஸும் மரவட்டைதான். எல்லாவற்றுக்கும் ஒரே உள்ளமைப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அடிப்படை வரைபடம் ஒன்று உண்டு. நீளமான இனங்களை வைத்து அதைச் சொல்லிவிட்டு, மாறுபாடுகளுக்கு வருகிறேன்.

முதலில் இடம். மரவட்டையின் தலைக்குப் பின்னால் வரும் முதல் வளையத்துக்குக் கால் இல்லை. கழுத்துப்பட்டை போல அது தலையைத் தாங்கி நிற்கிறது. இரண்டு, மூன்று, நான்காவது வளையங்களுக்கு ஒவ்வொரு சோடிக் கால். ஐந்தாவதிலிருந்துதான் வளையத்துக்கு இரண்டு சோடி. ஆக, இரண்டாவது சோடிக் கால் இருப்பது மூன்றாவது வளையத்தில். பெண்ணின் இனப்பெருக்கத் துளைகள் இரண்டும் அந்தக் கால்களுக்கு ஒட்டிப் பின்னால் திறக்கின்றன. நூறு கால், இருநூறு கால் என்று நீண்டு போகும் உடலில், முட்டை வெளிவரும் வாசல் வாய்க்கு வெகு அருகே, ஏறத்தாழத் தாடைக்குக் கீழே இருக்கிறது.

பள்ளியில் கரப்பான் பூச்சியின் உடலமைப்பைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். கரப்பானுக்கு எல்லாம் வயிற்றின் பின்முனையில். பூரானுக்கும் அப்படித்தான், அதன் இனப்பெருக்கத் துளை வால்பக்கம். மரவட்டையையும் பூரானையும் ஒரே குடும்பத்து உயிர்களாக நாம் பேசிவருகிறோம். இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் உடலின் இரு முனைகளுக்குப் பிரிந்துபோயிருக்கின்றன. மரவட்டையோடு சேர்த்து, மண்ணில் வாழும் சிம்ஃபைலா, பாரோபோடா என்ற இரண்டு சின்னஞ்சிறு பலகாலிக் குழுக்களுக்கும் துளை முன்பக்கத்தில்தான். முன்துளையிகள் என்று மூன்றையும் ஒரே கிளையில் வகைப்படுத்துவதும் அதனால்தான்.

ஏன் முன்பக்கம்? மரவட்டை குஞ்சாகப் பொரிக்கும்போது சில வளையங்களோடுதான் வருகிறது. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் பின்முனையில் புதிய வளையங்கள் சேர்கின்றன. பின்பக்கம் ஓயாமல் கட்டுமான வேலை நடக்கும் உடலில், நிலையான முன்பக்கத்தில் வாசலை வைப்பதுதானே பொருத்தம் என்று தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கல்லடியில் வாழும் லித்தோபியஸ் வகைப் பூரான்களும் பொரித்த பிறகு வளையங்களைக் கூட்டிக்கொண்டுதான் வளர்கின்றன. அவற்றின் துளை பின்முனையில்தான் இருக்கிறது. அந்த விளக்கம் கேட்க அழகாக இருக்கிறதே தவிர, போதாது.

இனி உள்ளே போகலாம். மரவட்டையின் உடலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் தடித்த குழாயாக உணவுக்குழல். அடியில், கால்களுக்கு நடுவே, நரம்பு வடம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சந்தில்தான் அண்டகம் படுத்திருக்கிறது. வெளித்தோற்றத்துக்கு அது ஒற்றைப் பை. நீண்டு மெலிந்த, மெல்லிய சுவருள்ள ஒரு குழாய்ப்பை. முன் வளையங்களில் தொடங்கி உடலின் பின்பகுதி வரைக்கும் குடலுக்கு அடியிலேயே ஓடுகிறது. உள்ளே முட்டைகளை உருவாக்கும் திசு மட்டும் இரண்டு பட்டைகளாக, வலம் ஒன்று இடம் ஒன்று என்று பிரிந்தே இருக்கிறது. இரண்டு அண்டகங்களை ஒரே உறைக்குள் போட்டுத் தைத்தது போன்ற அமைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

முட்டைகள் அந்தப் பட்டைகளின் மேல் முளைத்து, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மெல்லிய உறைக்குள் இருந்தபடி வளர்கின்றன. தொடக்கத்தில் கண்ணாடி போலத் தெளிவான சிறு உருண்டை. பிறகு கருவுணவு சேரச் சேர வெளுத்து, பால் நிறமாகி, சில இனங்களில் மஞ்சளேறி, இடத்தை அடைத்துக்கொண்டு பருக்கிறது. முட்டையிடும் பருவத்தில் ஒரு பெண்ணைத் திறந்தால் குடலுக்கு அடியில் முட்டைகள் நெருக்கியடித்து வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். அந்த நிலையில் அதன் உடலே நீண்ட ஒரு முட்டைக்கூடை. முழு வளையங்களால் ஆன ஓடு கரப்பானின் வயிறு போல உப்பிக் கொடுக்காது. கிடைத்த நீளத்தில்தான் எல்லா முட்டையும் அடங்க வேண்டும். நீண்ட உடலும் நீண்ட அண்டகமும் அந்த வகையில் ஒன்றுக்கொன்று இசைந்தவை.

உடல் நீளத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கவயல் பகுதியில் கனிமம் தேடத் தோண்டிய துளையில், நிலமட்டத்துக்கு 60 மீட்டர் கீழே கிடைத்த யூமிலிப்பஸ் பெர்செஃபனி என்ற மரவட்டை 2021இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உண்மையிலேயே ஆயிரம் காலைத் தாண்டிய முதல் மரவட்டை அதுதான். 330 வளையங்கள், 1,306 கால்கள். அந்தச் சாதனைக்கு உரிய உயிர் ஒரு பெண். கால்கள் எதையும் புணர்கருவியாக மாற்றிக்கொள்ளத் தேவையில்லாததால் பெண்ணுக்கு எல்லாக் காலும் நடக்கும் கால்தான்.

அண்டகத்தின் முன்முனையிலிருந்து புறப்படும் அண்டநாளம் மூன்றாவது வளையத்தை நெருங்கும்போது இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை வலது துளைக்கு, மற்றொன்று இடது துளைக்கு. பின்பகுதியில் முதிர்ந்த முட்டை முழு உடல் நீளத்தையும் கடந்து தலைப்பக்கம் வந்துதான் வெளியேற வேண்டும்.

அந்த இரண்டு துளைகளிலும் இருப்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். சைஃபோபாட் என்றும் வல்வா என்றும் சொல்லப்படும் சோடி உறுப்பு. பெயரைக் கேட்டுப் பாலூட்டிகளின் உறுப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். வேலையிலும் வடிவிலும் இது முற்றிலும் வேறு.

சாராயத்தில் பதப்படுத்திய ஒரு பெண் மரவட்டையை உருப்பெருக்கியின் அடியில் வைத்து, முன் வளையங்களை மெதுவாகப் பின்னுக்கு வளைத்தால் இரண்டாவது கால்களுக்குப் பின்னால் மெல்லிய சவ்வு மடிப்பு ஒன்று விரியும். நுனி கூர்மையான இடுக்கியால் அந்த மடிப்பைப் பற்றி இழுத்தால், இரண்டு சிறு பைகளுக்குள்ளிருந்து இரண்டு உறுப்புகள் வெளியே வரும். நடுத்தர அளவுள்ள இனத்தில் ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது. சுற்றியிருக்கும் சவ்வு வெளிறிக் கிடக்க, இவை மட்டும் கெட்டிப்பட்டுப் பொன்பழுப்பாக மின்னும். அருகே போய்ப் பார்த்தால், நிமிர்த்தி வைத்த சிறு கிளிஞ்சல் போல இரண்டு ஓடுகள் சேர்ந்திருப்பது தெரியும். ஒன்று உள்பக்கம், ஒன்று வெளிப்பக்கம். ஓரங்களில் குத்துமயிர்கள். இந்த இரண்டு ஓடுகளும் சேர்ந்த பகுதிக்கு பர்ஸா என்று பெயர். அதற்கு முன்னால் மூன்றாவதாக ஒரு தகடு, மூடி போல. அதன் பெயரும் மூடிதான்: ஒபர்குலம்.

இரண்டு ஓடுகளும் சந்திக்கும் கோட்டில் ஒரு பள்ளம் ஓடுகிறது. விந்து வந்து சேரும் இடம் அது. அந்தப் பள்ளத்திலிருந்து மிக மெல்லிய குழாய் உள்ளே இறங்கி, முடிவில் சிறு குமிழாகப் பருத்து நிற்கிறது. அந்தக் குமிழுக்கு வேறு வழி கிடையாது. உள்ளே போன வழியேதான் வெளியே வர வேண்டும். இதுதான் விந்துகொள் பை. சில இனங்களில் ஒரு வல்வாவுக்கு ஒரு குமிழ், சிலவற்றில் இரண்டு. குழாய் சிலவற்றில் குட்டையாக, நேராக இருக்கும்; சிலவற்றில் வளைந்து நெளிந்து போகும். உட்சுவர் உடலின் வெளித்தோல் போலவே கடினப்பட்ட கியூட்டிக்கிளால் ஆனது. அருகே சுரப்பிகளும் உண்டு.

மண்புழுவைப் படித்தவர்களுக்கு விந்துகொள் பை புதிய சொல் அல்ல. நம் ஊர் லாம்பிட்டோ மாரிட்டி மண்புழுவில் மூன்று சோடி விந்துகொள் பைகள் 6க்கும் 9க்கும் இடைப்பட்ட கண்டங்களின் இடைவெளிகளில் திறக்கும்; முட்டை வெளிவரும் பெண் துளையோ 14ஆவது கண்டத்தில். சேமிப்பறை ஓரிடத்தில், முட்டை வாசல் வேறோரிடத்தில். இரண்டும் உடலுக்கு வெளியே, முட்டைக்கூட்டுக்குள்தான் சந்திக்கின்றன. மரவட்டையில் சேமிப்பறையும் வாசலும் ஒரே உறுப்பில், ஒன்றை ஒன்று ஒட்டியே இருக்கின்றன. முட்டை வெளிவரும் தருணத்தில், வாசலைக் கடக்கும்போதே, பக்கத்து அறையிலிருக்கும் விந்து அதைச் சேர்கிறது. கருவுறுதல் நடக்கும் இடம் இந்த வாசல்தான்.

வல்வா அசையாத உறுப்பு அல்ல. ஓய்வு நேரத்தில் பைக்குள் மடங்கிக் கிடக்கிறது. புணர்ச்சியின்போதும் முட்டையிடும்போதும் உடல் திரவத்தின் அழுத்தம் கூட, அது வெளியே தள்ளப்படுகிறது. வேலை முடிந்ததும் அதில் ஒட்டியிருக்கும் தசைகள் சுருங்கி மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. வெளியே வராத வல்வாவை ஆணின் புணர்கால் எளிதில் எட்ட முடியாது. அந்த அழுத்தத்தைத் தருவதும் தராததும் பெண்ணின் உடல்.

இப்போது வாலில்லாத விந்துக்கு வருவோம். பூச்சி, தவளை, மனிதன் என்று நமக்குப் பழக்கமான விலங்குகளின் விந்தணு சாட்டை போன்ற வாலைச் சுழற்றி முன்னேறும். மரவட்டைகளில் அந்தச் சாட்டை இல்லை. விந்தணு நகரவில்லை என்றால் யாரோ அதை நகர்த்த வேண்டும். ஆணின் பக்கத்தில் அந்த வேலையைக் கால்கள் செய்கின்றன. ஆணுக்கும் இனப்பெருக்கத் துளை இரண்டாவது சோடிக் கால்களின் அருகேதான், பெண்ணுக்கு இருக்கும் அதே இடத்தில். அங்கே வெளிவரும் விந்தை, உடலின் முன்பகுதியை வளைத்து, ஏழாவது வளையத்துப் புணர்கால்களில் ஏற்றிக்கொள்கிறது ஆண். ஊற்றுப்பேனாவில் மை நிரப்புவது போன்ற வேலை. பிறகு பெண்ணின் மேல் ஏறி, அதன் உடலைச் சுற்றி, அடிவயிறும் அடிவயிறும் பொருந்துமாறு அணைத்து, இரண்டு புணர்கால்களையும் இரண்டு வல்வாக்களுக்குள் செலுத்துகிறது. மழைக்குப் பிந்தைய காலையில் சுவரில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அசையாமல் கிடக்கும் சோடிகள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. சில இனங்களில் இது மணிக்கணக்கில் நீளும். நான் பார்த்த ஒரு சோடி வெயில் சுவரில் ஏறி, மறுபடி நிழல் வரும் வரை பிரியவே இல்லை.

விந்து வல்வாவின் பள்ளத்தை அடைந்ததோடு ஆணின் பங்கு ஏறத்தாழ முடிகிறது. அங்கிருந்து குழாய் வழியே குமிழுக்குள் அது போக வேண்டும். அங்கே உயிரோடு காக்கப்பட வேண்டும். பிறகு முட்டை வரும் வேளையில் அதே குழாய் வழியே திரும்பி வெளியே வர வேண்டும். வாலற்ற, தானாக நகராத அணு இந்தப் பயணத்தில் எதையும் தானாகச் செய்ய முடியாது. தசை, திரவ அழுத்தம், சுரப்பு என்று பெண்ணிடம் இருப்பவைதான் அதற்கு வாகனம். விந்துகொள் பையைப் பொருள் போட்டு வைக்கும் வெறும் கிடங்காகப் படம் வரைந்து காட்டுவது வழக்கம். அந்தப் படத்தில் கதவும் காவலும் கணக்கும் சேர்த்து வரையப்பட வேண்டும்.

ஒரு பெண் பல ஆண்களோடு சேர்வது மரவட்டைகளில் சாதாரணம். அப்படியானால் ஒரே குமிழுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களின் விந்து இருக்கலாம். 1990களில் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் ஆர்த்தோபோரஸ் பைரோசெஃபாலஸ் என்ற நீள மரவட்டையின் உறுப்புகளை ஆராய்ந்து, பின்னால் வரும் ஆண் முந்தையவரின் விந்தை இடம்பெயர்க்கிறதா என்ற கேள்வியை எழுப்பினார்கள். நல்ல கேள்வி. ஆனால் அதற்கு விடை தேடும்போது புணர்காலின் முள்ளையும் கொக்கியையும் மட்டும் அளந்தால் போதாது. அந்த முள் எட்டக்கூடிய ஆழத்தில் குமிழ் இருக்கிறதா, குழாய் அதை விடும் அகலமுள்ளதா, நேரானதா வளைந்ததா என்று பெண்ணின் பக்கத்தையும் அளந்தாக வேண்டும். பூட்டைப் பார்க்காமல் சாவியை மட்டும் எத்தனை காலம் ஆராய்வது?

இந்தச் சாய்வுக்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. மரவட்டைகளில் அருகருகே உள்ள இனங்கள் வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். புணர்காலின் வடிவம் மட்டும் இனத்துக்கு இனம் தெளிவாக மாறும். ஆகவே வகைப்பாட்டியலாளர்கள் ஆணையே தேடினார்கள். ஆணின் புணர்காலை வரைந்து, அதை வைத்துப் பெயர் சூட்டினார்கள். ஜெனீவா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ழான் கார்ல் 1920களின் பிற்பகுதியில் நம் தென்னிந்திய மலைகளில் சேகரித்த மரவட்டைகளைப் பற்றி 1932இலும் 1941இலும் வெளியிட்ட ஆய்வுகள் இன்றும் இந்தப் பகுதி மரவட்டைகளுக்கு அடிப்படை நூல்கள். அந்தக் காலத்து மரபு முழுவதும் புணர்காலின் மேல் கட்டப்பட்டது. அதன் விளைவாக, காட்டில் ஒரு பெண் மட்டும் கிடைத்தால் பேரினம் வரைக்கும் சொல்லலாம், அதற்கு மேல் ஆண் கிடைக்கும் வரை காத்திரு என்ற நிலை. அருங்காட்சியகக் குப்பிகளில் எத்தனையோ பெண் மரவட்டைகள் இனப்பெயர் இல்லாமல் கிடப்பது இதனால்தான்.

வேறு வழி இருக்கிறது என்று காட்டியவர்களும் உண்டு. பிரான்சைச் சேர்ந்த ப்ரோலமன் 1919இலேயே, லிக்டன்ஸ்டைனுடன் சேர்ந்து, மரவட்டைகளின் வல்வாக்களைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு வெளியிட்டார். ஓடுகளின் வடிவம், மூடியின் விளிம்பு, மயிர்களின் அமைப்பு, குமிழ்களின் எண்ணிக்கை ஆகியவை குழுவுக்குக் குழு மாறுகின்றன. பொறுமையாகப் பார்த்தால் பெண்ணையும் பெயரிட்டு அழைக்க முடியும். ஆனால் பார்ப்பதற்குப் பெண்ணின் உடலைப் பிரிக்க வேண்டும், கண்ணுக்குச் சிக்காத சவ்வுகளை நீக்க வேண்டும். புணர்காலை வரைவதைவிடக் கடினமான வேலை. அந்தக் கடினத்தைத் தவிர்த்ததுதான் வழக்கமாகி, வழக்கமே முறையாகிவிட்டது.

2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இந்த நிலையை மாற்றும் திசையில் போனது. சூடோபாலிடெஸ்மஸ் என்ற சிறு மரவட்டைப் பேரினத்தில், புணர்ந்த நிலையிலேயே இருந்த சோடிகளை சிடி ஸ்கேன் செய்து, ஆணின் உறுப்பு பெண்ணின் வல்வாவில் எங்கே, எப்படிப் பொருந்துகிறது என்று முப்பரிமாணமாகப் பார்த்தார்கள். புற ஊதா ஒளியில் வெவ்வேறு திசுக்கள் வெவ்வேறு விதமாக ஒளிர்வதும் உதவியது. ஒன்றையும் வெட்டாமல், பிரிக்காமல், இருவரையும் சேர்த்தே பார்க்கும் முறை அது. இனி நம் மலைகளின் இனங்களுக்கும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

மாறுபாடுகளுக்கு வருகிறேன் என்று சொன்னேன். உருண்டைப் பந்தாகச் சுருளும் வகைகளில் வல்வாக்கள் தனிப் பைக்குள் கிடப்பதில்லை. இரண்டாவது காலின் அடிக்கணுவிலேயே பொருந்தியிருக்கின்றன. ஆணுக்குப் புணர்கருவியும் ஏழாவது வளையத்தில் இல்லை. உடலின் கடைசிக் கால்கள் தடித்து இடுக்கியாகி, அவற்றால் பெண்ணைப் பற்றிக்கொள்கிறது. விந்து முன்பக்கம், பற்றும் உறுப்பு பின்பக்கம். இடைப்பட்ட தூரத்தைக் கால்கள் கைமாற்றிக் கடத்துகின்றன. உருண்டுகொண்ட பெண்ணை அவிழச் செய்யவும் வேண்டுமே! ஆர்த்ரோஸ்ஃபேரா இருக்கும் குழுவில் ஆண், அந்த இடுக்கிக் கால்களில் உள்ள வரிகளை உராய்ந்து ஒலியெழுப்புகிறது. காதில் ஏறும் ஓசையும் உடலில் ஏறும் அதிர்வுமாக அது பெண்ணுக்குச் சேதி சொல்கிறது. பெண் திறந்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும்.

தூரிகை மரவட்டையான பாலிக்ஸினஸில் புணர்ச்சியே கிடையாது. ஆண் இடுக்கில் நூல் பின்னி அதன் மேல் விந்தை வைத்துவிட்டுப் போகிறது. பெண் வந்து தன் வல்வாக்களால் அதை எடுத்துக்கொள்கிறது. முட்டையிட்ட பின் தன் வால்நுனியின் முள்மயிர்களை உதிர்த்து முட்டைகளைச் சுற்றி வேலியிடுகிறது. அதே பாலிக்ஸினஸ் லாகுரஸ் வட ஐரோப்பாவில் பல இடங்களில் ஆணே இல்லாமல் பெண் வழியாகவே பெருகுகிறது. ப்ரோட்டெரோயூலஸ் ஃபஸ்கஸ் என்ற இன்னொரு ஐரோப்பிய இனத்திலும் ஆண்கள் மிக அரிது. அங்கே அண்டகம் மட்டுமே தலைமுறையைக் காக்கிறது.

முட்டையிடுவதில் இனத்துக்கு இனம் எண்ணிக்கை மாறும். ஒரு முறைக்குப் பத்திலிருந்து முந்நூறு வரை. போர்ச்சுகலிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே இலையுதிர் காலத்தில் வீடுகளுக்குள் படையெடுக்கும் ஒம்மாட்டோயூலஸ் மொரெலெட்டி மண்ணில் ஒரு சிறு குழியில் இருநூறு முட்டை வரை இடுகிறது. பாலிடெஸ்மஸ் வகைப் பெண், தன் கழிவையே சாந்தாகப் பயன்படுத்தி, மேலே புகைபோக்கி வைத்த குவிமாடம் போல ஒரு கூடு கட்டி, அதற்குள் முட்டைகளை இடுகிறது.

இங்கேதான் உடலின் இரு முனைகளும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்கிறோம். முட்டை வருவது மூன்றாவது வளையத்தில். சாந்து வருவதோ வால்முனையில். நம் ஜெனோபோலஸ் இருக்கும் அதே குழுவைச் சேர்ந்த, வட அமெரிக்காவின் நார்சியஸ் அமெரிக்கானஸ் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். மென்ற இலைக்கூழை வாயால் வெளியே தள்ளி, முன்கால்களால் வனைந்து சிறு கிண்ணமாக்குகிறது. பக்கத்திலேயே, இரண்டாவது கால்களுக்குப் பின்னாலிருந்து வல்வா வெளிவந்து ஒரே ஒரு முட்டையை அந்தக் கிண்ணத்தில் வைக்கிறது. கிண்ணத்தின் வாயை மூடி உருண்டையாக்கியதும், கால்கள் ஒன்றிடமிருந்து ஒன்றாக அந்த உருண்டையைப் பின்னுக்குக் கடத்துகின்றன. வால்முனையில் குதத்தின் இதழ்கள் அதைப் பற்றி, உருட்டி, வழவழப்பாக்கி வெளியே விடுகின்றன. அடுத்த முட்டைக்கு அடுத்த கிண்ணம். வாய்க்கு அருகே வாசல் இருப்பதன் பயன் என்ன என்று கேட்டால், நான் இந்தக் கிண்ணத்தைத்தான் காட்டுவேன். வனையும் வாயும் முட்டை வரும் வாசலும் இத்தனை நெருக்கத்தில் இல்லாவிட்டால் இந்த வேலை இவ்வளவு சுருக்கமாக முடியாது.

அந்த உருண்டைக்குள் சில வாரங்களில் முட்டை வெடித்து, அசைவற்ற ஒரு கூட்டுநிலை வழியாகக் குஞ்சு வெளிவருகிறது. வெள்ளையாக, சில வளையங்களே உள்ள சிறு உயிர். கால்கள் மூன்று சோடி மட்டும். மற்றவை எல்லாம் ஒவ்வொரு சட்டை உரிப்பிலும் பின்னால் வந்து சேர வேண்டியவை. அது பெண்ணாக இருந்தால், பல உரிப்புகளுக்குப் பிறகு வல்வாக்கள் உருவாகப்போவது அந்த மூன்று சோடிகளில் நடுச்சோடிக்குப் பின்னால்.